"வீட்டில் ஆர் ஆர் கார் ஓடுறவை?" ஒன்ராறியோவில் ஒரு தமிழ்க் காப்புறுதி அலுவலகத்தின் நாளாந்த வேலை

ஸ்காபரோவில் மார்க்கம் வீதி, ஃபின்ச், எல்ஸ்மியர் பக்கம் போகிறவர்களுக்கு அங்குள்ள பிளாசாக்களின் ஒழுங்கு தெரியும். ஒரு மரக்கறிக்கடை, ஒரு நகைக்கடை, கொத்துரொட்டிச் சத்தம் கேட்கும் ஒரு ரேக்அவுட், வருமானவரிப் பத்திரம் நிரப்பும் ஒரு கணக்காளர். இவற்றுக்கு நடுவே, கண்ணாடியில் வாகனம், வீடு, ஆயுள், சுப்பர் விசா என்று எழுதி ஒட்டிய ஒரு காப்புறுதி அலுவலகம் இருக்கும். உள்ளே நான்கு மேசை, ஒரு சுவாமிப் படம், ஓயாத தொலைபேசி. இப்படியான இடங்களில் ஆண்டுக்கணக்காக வேலை செய்பவர்கள் நாங்கள். இந்த மேசையில் என்ன நடக்கிறது, எந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதை எமது மக்களுக்காக ஓரிடத்தில் எழுதி வைக்கவே இக்கட்டுரை. சட்டமும் தொகைகளும் ஒன்ராறியோ மாகாணத்துக்கு உரியவை. லண்டனிலும் பாரிசிலும் ஒஸ்லோவிலும் இருப்பவர்களுக்குச் சட்டம் வேறு. கேள்விகள் மட்டும் பெரிதாக மாறாது.

முதலில் யார் யார் என்பதைப் பிரித்துக்கொள்வோம். வாகனத்துக்கும் வீட்டுக்கும் பல நிறுவனங்களின் காப்புறுதியை ஒப்பிட்டு எடுத்துத் தருபவர் தரகர், அதாவது புரோக்கர். இவருக்கு அனுமதிப்பத்திரம் வழங்கிக் கண்காணிப்பது 'ரீபோ' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒன்ராறியோ பதிவுபெற்ற காப்புறுதித் தரகர் சபை. ஒரேயொரு நிறுவனத்தின் காப்புறுதியை மட்டும் விற்பவர் முகவர். ஆயுள் காப்புறுதிக்கு வேறு பரீட்சை, வேறு அனுமதிப்பத்திரம். அதை வழங்குவது மாகாணத்தின் நிதிச் சேவைகள் ஒழுங்குமுறை அமைப்பான 'ஃப்ஸ்ரா'. ஆகவே ஒரே மேசையில் இருக்கும் ஒருவர் கார் காப்புறுதி பற்றிப் பேசலாம், ஆயுள் காப்புறுதி பற்றிப் பேசும் தகுதி அவருக்கு இல்லாமலும் இருக்கலாம். இரண்டு அமைப்புகளும் தமது பதிவேட்டை இணையத்தில் பொதுவில் வைத்திருக்கின்றன. பெயரைத் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். "எங்கட ஆள்தானே" என்று பார்க்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

எங்கள் வேலை விற்பனை என்று வெளியில் நினைக்கிறார்கள். நாளின் பெரும்பகுதி கேள்வி கேட்பதிலும் பதிலை எழுதி வைப்பதிலும்தான் கழிகிறது. யாருடன் பேசினோம், எத்தனை மணிக்கு, என்ன கேட்டோம், அவர் என்ன சொன்னார் என்பதெல்லாம் அன்றே கோப்பில் ஏறவேண்டும். நாளை ஒரு விபத்து நடந்து இழப்பீடு மறுக்கப்பட்டால், அந்தக் குறிப்புத்தான் எங்களுக்கும் சாட்சி, வாடிக்கையாளருக்கும் சாட்சி.

அந்தக் கேள்விகளில் மிகவும் கடினமானது ஒன்று உண்டு. "வீட்டில் ஆர் ஆர் இருக்கிறியள்? அதில் ஆர் ஆர் கார் ஓடுறவை?"

இதைக் கேட்டவுடன் சிலரின் முகம் மாறும். அதற்குக் காரணம் உண்டு. சுற்றிவளைப்புக் காலத்தில், சோதனைச் சாவடிக் காலத்தில், கொழும்பில் லொட்ஜில் தங்கிய காலத்தில் இதே கேள்வியைத்தான் சீருடை போட்டவர்கள் கேட்டார்கள். கேட்டதற்கு மட்டும் சுருக்கமாகப் பதில் சொல், வளர்ந்த பொடியன் இருப்பதைச் சொல்லாதே என்று பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள். அது உயிரைக் காத்த பழக்கம். இங்கே அதே பழக்கம் காப்புறுதி விண்ணப்பத்தில் வந்து உட்காரும்போது குடும்பத்தைக் காப்பதில்லை. ஊரில் எம்மில் பெரும்பாலானோருக்கு ஆபத்துக்குக் கைகொடுத்தவை தாலிக்கொடியும், காணியும், சீட்டுக் காசும், இனசனமும்தான். போரில் எரிந்த வீட்டுக்கும் கடைக்கும் சாதாரணக் காப்புறுதி பணம் தருவதில்லை. ஆகவே கடதாசியை நம்பாத மனம் எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கு விளங்காமல் இல்லை.

சரி, அந்தக் கேள்விக்கு உண்மை சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன? மகன் பதினெட்டு வயதில் ஜி2 அனுமதிப்பத்திரம் எடுத்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொன்னால் வீட்டின் கட்டணம் ஏறும், சில வேளை இரட்டிப்புக்கு அருகில் போகும். "அவன் ஓடுறேல்லை, படிக்கிறான்" என்று தகப்பன் சொல்வார். உண்மையிலேயே ஓடுவதில்லை என்றால் அதற்கு ஒரு வழி இருக்கிறது: அவனை ஓட்டுநர் பட்டியலிலிருந்து விலக்கி, தகப்பனும் மகனும் கையெழுத்திடும் ஒரு படிவம். கையெழுத்திட்ட பிறகு அவன் ஒருநாள் தங்கச்சியை ரியூசனுக்கு ஏற்றிப்போய் மோதினால், அந்த வாகனம் காப்புறுதி இல்லாத வாகனம் போலவே நடத்தப்படும். இதைச் சொன்னதும் அனேகமான தகப்பன்மார் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். "அப்ப சேர்த்து விடுங்கோ" என்பார்கள். அன்றைய நாளில் எங்களுக்கு மனநிறைவு தரும் வேலை அதுதான்.

இன்னொன்று முகவரி. ஒன்ராறியோவில் நீங்கள் குடியிருக்கும் இடம் கட்டணத்தைத் தீர்மானிக்கும் காரணங்களில் முக்கியமானது. பிரம்டனிலும் ஸ்காபரோவிலும் இருப்பவர் கட்டுவதும் கிங்ஸ்டனில் இருப்பவர் கட்டுவதும் ஒன்றல்ல. ஆகவே வாகனத்தைத் தூரத்து நகரில் இருக்கும் மச்சானின் முகவரியில் பதிகிறவர்கள் உண்டு. மாகாணக் காப்புறுதிச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது: விண்ணப்பத்தில் தெரிந்துகொண்டே தவறான விபரம் கொடுத்தால், அல்லது சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டால், உங்கள் இழப்பீட்டு உரிமை போகலாம். உங்கள் வாகனம் மோதிக் காயப்பட்ட மற்றவருக்கு, சட்டம் கட்டாயப்படுத்தும் குறைந்தபட்சத் தொகையான 200,000 டொலர் வரை நிறுவனம் கொடுக்கும். கொடுத்துவிட்டு, அந்தக் காசை உங்களிடம் திருப்பிக் கேட்கும் உரிமையும் அதற்கு உண்டு. மாதம் நூறு டொலர் மிச்சம் பிடித்த வீடு, கட்டி முடித்த வீட்டையே பணயம் வைத்த கதை இதுதான்.

பீட்சா கொண்டுபோய்க் கொடுப்பது, செயலி மூலம் ஆட்களை ஏற்றுவது, சாப்பாடு விநியோகிப்பது எல்லாம் இதே பட்டியலில் வரும். புதிதாக வந்த பிள்ளைகள் முதலில் பிடிக்கும் வேலை அதுவாகத்தான் இருக்கிறது. சாதாரணக் கார் காப்புறுதி, காசுக்காக ஆட்களையோ பொருளையோ ஏற்றுவதை மூடாது. பயணிகளை ஏற்றும் செயலி நிறுவனங்களின் காப்புறுதி, செயலியைப் போட்டிருக்கும் நேரத்துக்கு மட்டும் உரியது. எங்களுக்குச் சொன்னால், அதை ஏற்கும் நிறுவனத்தைத் தேடித் தரலாம்.

"அண்ணை, கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோ" என்று தொலைபேசியில் கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். இது மரக்கறிக்கடை விலை அல்ல. ஒவ்வொரு நிறுவனமும் வாகனக் காப்புறுதிக்கு அறவிடும் விகிதம் ஃப்ஸ்ராவிடம் தாக்கல் செய்து அனுமதி பெற்றது. அதை ஒரு சதமேனும் குறைக்க எங்களால் முடியாது. நாங்கள் செய்யக்கூடியது வேறு நிறுவனத்தைப் பார்ப்பது, உங்களுக்கு உரிய கழிவுகள் விடுபட்டுப் போகாமல் பார்ப்பது. குளிர்கால ரயர் போட்டிருந்தால் கழிவு கொடுக்கவேண்டும் என்பது 2016 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் கட்டாயம். ஆனால் போட்டிருக்கிறேன் என்று நீங்கள் சொன்னால்தான் அது எங்களுக்குத் தெரியும். வாகன விலையைக் கணிக்க உங்கள் கடன் மதிப்பெண்ணைப் பாவிக்க இங்கே அனுமதி இல்லை. வீட்டுக் காப்புறுதிக்கு உங்கள் சம்மதத்துடன் பாவிக்கலாம். எங்கள் ஊதியம் நிறுவனம் தரும் தரகுப் பணம். அது கட்டணத்துக்குள்ளேயே இருக்கிறது, வாடிக்கையாளர் தனியாக எதுவும் தருவதில்லை. கட்டணம் கூடினால் எங்கள் தரகும் கூடும் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. வேண்டுமானால் எவ்வளவு என்று கேளுங்கள்.

குறைக்கக் கூடாத இடத்தில் குறைப்பதைப் பற்றியும் ஒரு சொல். 200,000 டொலர் சட்டத்தின் அடிமட்டம். பாரிய காயம் பட்ட ஒருவரின் வழக்கு அதைவிடப் பல மடங்கு போகும். ஒரு மில்லியன், இரண்டு மில்லியன் என்று ஏற்றுவதற்கு ஆகும் மேலதிகச் செலவு சிறியது. '44ஆர்' என்ற குடும்பப் பாதுகாப்புச் சேர்க்கையும் அப்படியே. உங்களை மோதியவரிடம் போதிய காப்புறுதி இல்லாதபோது உங்கள் சொந்தக் காப்புறுதியிலிருந்து அதை ஈடுசெய்வது அது. 2024 ஜனவரி முதல், மற்றவர் பிழையால் உங்கள் காருக்கு வரும் சேதத்துக்கான பகுதியை வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியும். விட்டால், பிழை உங்களுடையதே இல்லை என்றாலும் காரைத் திருத்த ஒருவரும் காசு தரமாட்டார்கள். மற்றவர்மேல் வழக்குப் போடவும் முடியாது. பழைய கார் என்றாலும் நாங்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை.

மோதிய பிறகு வரும் அழைப்பு

அழைப்பவர் பெரும்பாலும் இன்னமும் வீதியோரத்தில்தான் நிற்பார். முதலில் கேட்பது காயம் பற்றி. யாருக்கும் காயம் என்றால் உடனே பொலிஸ். காயம் இல்லாவிட்டாலும், இரண்டு வாகனங்களின் சேதமும் சேர்ந்து 5,000 டொலரைத் தாண்டும் போலிருந்தால் அறிவிக்கவேண்டும். 2024 முடியும்வரை இது 2,000 ஆக இருந்தது, 2025 ஜனவரி முதல் கூட்டப்பட்டது. ரொறன்ரோ போன்ற இடங்களில் வாகனத்தை விபத்து முறைப்பாட்டு நிலையத்துக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். எங்களுக்கோ நிறுவனத்துக்கோ ஏழு நாட்களுக்குள் சொல்லவேண்டும்.

அடுத்தது இழுவை வண்டி. கேட்காமலே வந்து நிற்கும் வண்டிக்காரர் தமிழிலும் கதைப்பார். இந்தத் தொழிலுக்கு இப்போது மாகாண அனுமதிப்பத்திரம் தேவை. இழுக்க முன்னர் உங்கள் சம்மதப் படிவம் தேவை. எங்கே கொண்டுபோவது என்று சொல்லும் உரிமை உங்களுடையது. 401 போன்ற பெருந்தெருக்களின் சில பகுதிகளில் மட்டும் மாகாணம் நியமித்த நிறுவனமே இழுக்கும். படிவத்தை வாசிக்காமல் கையெழுத்து வைக்கவேண்டாம் என்று தொலைபேசியில் சத்தமாகச் சொல்வது எங்கள் வழக்கம். பக்கத்தில் நிற்பவருக்கும் அது கேட்டால் நல்லது.

'நோ ஃபோல்ற்' என்ற சொல் எங்கள் மக்களை ஏமாற்றிவிட்டது. ஒருவருக்கும் பிழை இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. யார் பிழை என்றாலும் உங்கள் இழப்பீட்டை உங்கள் நிறுவனத்திடமே கேட்கிறீர்கள் என்பதுதான் அர்த்தம். பிழை யாருடையது என்பது படங்களுடன் கூடிய ஒரு மாகாண ஒழுங்குவிதியின்படி தீர்மானிக்கப்படும். பின்னால் வந்து மோதினால், முன்னுக்கு நின்றவர் திடீரென்று பிறேக் அடித்தார் என்று எவ்வளவு சொன்னாலும், வழமையாக நூறு வீதப் பிழை பின்னால் வந்தவருக்கே. பனியும் மழையும் அந்த விதியில் கணக்கில் எடுக்கப்படுவதில்லை. இதைச் சொல்லும்போது எங்களோடு கோபிப்பார்கள். விதியை எழுதியவர்கள் நாங்கள் அல்ல.

காயத்துக்கான உதவித்தொகையில்தான் அதிக கவனம் வேண்டும். சிறு காயம் என்று வகுக்கப்பட்டால் சிகிச்சைக்கு 3,500 டொலர் எல்லை. அதற்கு மேற்பட்ட, ஆனால் மிகப் பாரதூரமாகாத காயத்துக்கு மருத்துவமும் பராமரிப்பும் சேர்த்து 65,000. மிகப் பாரதூரமானதென்றால் ஒரு மில்லியன். இவை அடிப்படை எல்லைகள்; இவற்றில் 65,000, ஒரு மில்லியன் என்பவை 2016 ஜூனிலிருந்து உள்ளவை. வேலைக்குப் போகமுடியாதவருக்கு மொத்த வருமானத்தில் 70 வீதம், ஆனால் வாரத்துக்கு அதிகபட்சம் 400 டொலர். வாரத்துக்கு ஆயிரம் டொலர் உழைத்து வீட்டுக்கடன் கட்டும் குடும்பத்துக்கு 400 எதற்குக் காணும்? மேலதிகமாகக் கட்டி 600, 800, 1,000 என்று ஏற்றலாம். ஏற்றியவர்கள் மிகக் குறைவு.

2026 ஜூலை 1ஆம் திகதியிலிருந்து இன்னொரு மாற்றம். மருத்துவம், புனர்வாழ்வு, பராமரிப்பாளர் உதவி ஆகியவை மட்டுமே கட்டாயம். வருமான ஈடு, மரண உதவி, ஈமச்செலவு போன்றவை விரும்பினால் எடுக்கலாம், விரும்பாவிட்டால் விடலாம். கட்டணம் சிறிது குறையும் என்பதற்காக 'வேண்டாம்' என்று அழுத்தமுன், வீட்டில் உழைப்பவர் எத்தனை பேர், வேலைத்தலத்தில் நோய்க்கால உதவித் திட்டம் ஏதும் உண்டா என்று பாருங்கள். தொழிற்சாலையில் ஏஜென்சி மூலம் வேலை செய்பவர்களுக்கும் சொந்தமாக லொறி ஓடுபவர்களுக்கும் அப்படி ஒன்றும் இருப்பதில்லை. இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். வருமானவரிக்குக் காட்டாத காசு இந்தக் கணக்கில் வராது. கையில் காசாக வாங்கிய சம்பளம், விபத்துக்குப் பிறகு இல்லாத சம்பளம்.

விபத்து நடந்து இரண்டு நாளில், உங்கள் இலக்கம் எப்படியோ கிடைத்து, "காசு எடுத்துத் தரலாம், வந்து கையெழுத்து வையுங்கோ" என்று ஒருவர் அழைக்கக்கூடும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைப்பதும், போகாத சிகிச்சைக்குப் போனதாக ஒப்பமிடுவதும் மோசடி. எமது சமூகத்தின் பெயரையும் அஞ்சல் குறியீட்டையும் இது எவ்வளவு விலையேற்றி வைத்திருக்கிறது என்பதைப் பேச எங்களில் பலர் கூச்சப்படுகிறோம். நேர்மையான மருத்துவர்களும் சட்டத்தரணிகளும் எம்மிடையே நிறையவே இருக்கிறார்கள். அவர்கள் இப்படி அழைப்பதில்லை.

வீடு, நகை, மார்கழிப் பயணம்

வீட்டுக் காப்புறுதியில் மறைக்கப்படுவது பேஸ்மென்ற். வாடகைக்கு ஆள் இருப்பதை நிறுவனத்துக்குச் சொல்வதில்லை. சொன்னால் நகரசபைக்குத் தெரிந்துவிடும் என்று பயம். கீழே இரண்டாவது அடுப்பு, இரண்டாவது குடும்பம் என்றால் ஆபத்தின் தன்மையே மாறுகிறது. தீ விபத்துக்குப் பிறகு நிறுவனத்தின் ஆய்வாளர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். குடியிருப்பவரின் சாமான்களை வீட்டுக்காரரின் காப்புறுதி மூடாது என்பதும் பலருக்குத் தெரியாது. வாடகைக்கு இருப்பவர் தனக்கென்று ஒன்று எடுக்கவேண்டும். அது அதிக செலவும் இல்லை. வடிகால் பின்னோக்கி வந்து பேஸ்மென்றை நிரப்புவதற்கும் தனிச் சேர்க்கை வேண்டும்.

நகை. எந்த வீட்டுக் காப்புறுதியிலும் களவுபோன நகைக்கு ஒரு தனி எல்லை உண்டு, பெரும்பாலும் சில ஆயிரம் டொலர். ஒரு தாலிக்கொடியும் இரண்டு சோடிக் காப்பும் அதைத் தாண்டிவிடும். இன்றைய பவுண் விலையில் சொல்லவே வேண்டாம். மதிப்பீட்டுக் கடிதம் எடுத்து ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுச் சேர்க்கலாம். வங்கிப் பெட்டகத்தில் வைப்பவர்களுக்கும் ஒரு தகவல்: பெட்டகத்தில் இருப்பதற்கு வங்கி காப்புறுதி செய்வதில்லை. படம் எடுத்து, பற்றுச்சீட்டுடன் பிள்ளையிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.

மார்கழி வந்தால் ஊருக்குப் போவோர் அதிகம். நல்லூரையும் அம்மாவையும் பார்த்துவிட்டு ஐந்து கிழமையில் திரும்புவோம் என்று கதவைப் பூட்டிவிட்டுப் போவார்கள். சூடாக்கும் காலத்தில் தொடர்ந்து நான்கு நாட்களுக்கு மேல் வீட்டில் ஆள் இல்லாதபோது குழாய் உறைந்து வெடித்தால், பல காப்புறுதிகள் அந்தச் சேதத்துக்குப் பணம் தராது. தண்ணீரை மூடிக் குழாயை வெறுமையாக்கியிருக்க வேண்டும், அல்லது சூடு வேலை செய்கிறதா என்று ஒருவர் நாளாந்தம் பார்த்திருக்க வேண்டும். சொற்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ரிக்கற் எடுத்தவுடன் எங்களை அழைத்துக் கேட்பதுதான் வசதி. திறப்பை அயலவரிடம் கொடுத்தால் மட்டும் போதாது, அவர் உள்ளே போய்ப் பார்க்கவும் வேண்டும். போன நாட்களை ஒரு தாளில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

அம்மாவின் குளிசைகள்

சுப்பர் விசாவுக்கு வரும் பிள்ளைகளின் அவசரம் எங்களுக்குத் தெரியும். இருபது வருடமாக நேரில் காணாத தாய், விசா வந்தால் உடனே ஏற்றிவிடவேண்டும். இத்திட்டம் 2011 டிசம்பரில் தொடங்கியது. 2022 ஜூலையிலிருந்து ஒரு தடவையில் ஐந்து வருடம் வரை தங்கலாம். மாகாண மருத்துவ அட்டை பெற்றோருக்குக் கிடையாது, ஆகவே குறைந்தது 100,000 டொலருக்கு, உள்ளே வரும் நாளிலிருந்து ஒரு வருடத்துக்கு, மருத்துவக் காப்புறுதி கட்டாயம். விலை மதிப்பீட்டுத் தாளைக் காட்டினால் போதாது, காசு கட்டியிருக்கவேண்டும். 2025 ஜனவரி 28 முதல், மத்திய அரசின் நிதி நிறுவனக் கண்காணிப்பு அலுவலகம் அனுமதித்த வெளிநாட்டு நிறுவனத்தின் காப்புறுதியும் ஏற்கப்படுகிறது.

இங்கே கேட்கப்படும் கேள்வி: "அம்மாவுக்கு என்ன வருத்தம், என்ன குளிசை போடுறா?" உடனே வரும் பதில், "ஒண்டும் இல்லை, பிறசருக்கு ஒரு குளிசை." கொஞ்சம் பொறுத்து, "சீனி கொஞ்சம் இருக்கு." இன்னும் பொறுத்தால், போன ஆவணியில் நெஞ்சுவலி என்று யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்த கதை வரும். பொய் சொல்லவேண்டும் என்று அல்ல. அம்மாவுக்கு என்ன வருத்தம் என்று பிள்ளைக்கே முழுதாகத் தெரியாது. தூரத்தில் இருக்கும் பிள்ளை கவலைப்படக்கூடாது என்று அம்மா சொல்லாமல் விட்டிருப்பா.

முன்பே உள்ள நோயைச் சில திட்டங்கள் மூடும், சில மூடாது. மூடுகிறவை 'நிலையாக' இருந்தால் என்று ஒரு நிபந்தனை வைக்கும். குறிப்பிட்ட காலத்துக்கு, உதாரணமாக 90 நாள் அல்லது 180 நாள், அந்த நோயில் மாற்றம் இருந்திருக்கக் கூடாது. மருந்து மாறியிருந்தாலும், அளவு கூடியிருந்தாலும், குறைந்திருந்தாலும் கூட, பெரும்பாலான திட்டங்களில் அது மாற்றம்தான். பயணத்துக்கு முதல் "எதுக்கும் ஒருக்கால் டொக்டரிட்டைக் காட்டிப்போட்டு வாங்கோ" என்று பிள்ளைகள் சொல்வார்கள். டொக்டர் அக்கறையோடு குளிசையைக் கூட்டிவிடுவார். அம்மா பத்தாம் நாள் விமானம் ஏறுவா. இங்கே ஆஸ்பத்திரியில், காப்புறுதி இல்லாதவருக்கு ஒரு நாள் கட்டிலுக்கே பல ஆயிரம் டொலர். டொக்டரிடம் போகவேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. போகவேண்டியவர் முன்கூட்டியே போகட்டும், மருந்து மாறினால் எங்களுக்குச் சொல்லட்டும், தேவையானால் பயணத் திகதியைத் தள்ளிவைக்கலாம். மருந்துச் சீட்டுகளின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். கையெழுத்து விளங்காவிட்டாலும் பெட்டியில் உள்ள பெயர் விளங்கும்.

வந்து இறங்கிய பிறகு வாங்கினால், சுகவீனத்துக்குச் சில நாள் காத்திருப்புக் காலம் உண்டு. விசா மறுக்கப்பட்டால் காசு திரும்பும். இழப்பீடு எதுவும் கேட்காமல் அம்மா முன்னதாகவே திரும்பிப் போனால், மீதி மாதங்களுக்குப் பல நிறுவனங்கள் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். அட்டையில் ஒரு அவசர இலக்கம் இருக்கும். ஆஸ்பத்திரியில் சேர்த்தவுடன், முடிந்தால் சேர்க்க முன்னரே, அதற்கு அழைக்கவேண்டும். பிந்தினால் தொகையைக் குறைக்கும் நிபந்தனை உண்டு. அந்த அட்டையைக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டிவைப்பது நல்லது.

ஆயுள் காப்புறுதி பற்றிச் சுருக்கமாக. அதற்கே ஒரு கட்டுரை வேண்டும். புகைப்பதை, குடிப்பதை, பழைய நோயை மறைத்து எடுத்தால், முதல் இரண்டு வருடத்துக்குள் இறப்பு நேரும்போது நிறுவனம் விண்ணப்பத்தைத் தோண்டிப் பார்க்கும். மோசடி என்றால் இரண்டு வருடத்துக்குப் பிறகும் பார்க்கலாம். வாங்கிய ஒப்பந்தம் பிடிக்காவிட்டால் வழமையாகப் பத்து நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். கலியாண மண்டபத்திலும் பிறந்தநாள் விழாவிலும் விற்கப்படும் திட்டங்களை அந்தப் பத்து நாளில் ஒருமுறை வாசியுங்கள். இருக்கும் நல்ல திட்டத்தை நிறுத்திவிட்டுப் புதியதை எடுக்கச் சொன்னால், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். புதிய விற்பனைக்குத்தான் தரகு பெரிது.

போலித் தரகர்களைப் பற்றியும் சொல்லாமல் விடமுடியாது. வாட்ஸ்அப்பில் மலிவு விலை, தனிப்பட்ட வங்கிக் கணக்குக்குப் பணம், பிறகு ஒரு பிங்க் ஸ்லிப் படம். அசல் போலவே இருக்கும். பொலிஸ் மறித்து இலக்கத்தைத் தட்டும்போதுதான் காப்புறுதியே இல்லை என்று தெரியவரும். காப்புறுதி இல்லாமல் வாகனம் ஓடினால் முதற்தடவைக்கே 5,000 முதல் 25,000 டொலர் வரை தண்டம். பதிவுபெற்ற தரகர் உங்கள் கட்டணத்தைத் தனியான பொறுப்புக் கணக்கில்தான் வைத்திருக்கவேண்டும். அனுப்பும் கணக்கு ஒரு தனிமனிதரின் பெயரில் இருந்தால், நிறுத்திவிட்டு காப்புறுதி நிறுவனத்துக்கே நேரே அழைத்து உறுதிப்படுத்துங்கள்.

பிற்பகலில் வயதானவர்கள் வருவார்கள். காப்புறுதிக்காக அல்ல. ஓய்வூதியக் கடிதம், நகரசபைக் கடிதம், மின்சாரக் கட்டணம் எதையாவது கொண்டுவந்து "பிள்ளை, இதில என்ன எழுதிக்கிடக்கு?" என்று மேசையில் வைப்பார்கள். வரிசையில் ஆள் நிற்கும். இருந்தாலும் வாசித்துச் சொல்வோம். அந்தக் கட்டுக்குள் சில வேளை எங்கள் நிறுவனம் அனுப்பிய பதிவுத் தபாலும் பிரிக்காமலே கிடக்கும்: வங்கியில் காசு இல்லாமல் மாதக் கட்டணம் திரும்பியதால் காப்புறுதி இரத்தாகப் போகிறது என்ற அறிவித்தல். கட்டணம் தவறி ஒருமுறை இரத்தானால், அடுத்த நிறுவனம் அதைக் கேட்கும், விலையும் ஏறும். பதிவுத் தபாலைப் பிரிக்கப் பயமாக இருந்தால் அப்படியே கொண்டுவாருங்கள், இங்கே சேர்ந்து பிரிக்கலாம்.

எங்களோடு பிணக்கு என்றால் போகும் இடமும் உண்டு. தரகர்மீதான முறைப்பாடு ரீபோவுக்கு. நிறுவனத்தின் முடிவு பிழை என்றால் முதலில் அந்த நிறுவனத்தின் முறைப்பாட்டு அதிகாரி, அங்கும் தீராவிட்டால் பொதுக் காப்புறுதிக் குறைதீர்ப்புச் சேவை. இது இலவசம். விபத்துக் காய உதவித்தொகை மறுக்கப்பட்டால், 2016 ஏப்ரல் முதல், அனுமதிப்பத்திர மேன்முறையீட்டு நியாயசபைக்கு விண்ணப்பிக்க வேண்டும், மறுத்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள். எங்கே போவதானாலும் முதலில் கேட்கப்படுவது உங்கள் விண்ணப்பத்தின் பிரதி. கையெழுத்து வைத்த அன்றே அதைக் கேட்டு வாங்கி, பாஸ்போட் வைக்கும் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.